பெறாமகள் வேலை செய்யும் இடம்

என் மூத்த அக்காவின் மகள் ரொறன்ரோவில் ஒரு யூதக் குடும்பநல அமைப்பில் வேலை செய்கிறாள். ஆறு வயதில் தாய் தகப்பனோடு கனடா போனவள். புதிதாக வந்திறங்கித் தடுமாறும் குடும்பங்களுக்கு வீடு தேடிக் கொடுப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, வாடகை கட்ட வழியில்லாமல் நிற்பவர்களுக்கு அவசரத்துக்குக் கைகொடுப்பது என்று அவளுடைய நாள் போகிறது. அண்மையில் லீவில் கொழும்புக்கு வந்து எங்களோடு நின்றாள். இரவுச் சாப்பாடு முடிந்து பல்கனியில் இருந்து கதைக்கத் தொடங்கினால் அவளுடைய வேலைக்குத்தான் கதை போகும். நானும் விடாமல் கேட்டேன். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வெள்ளவத்தையில் நாங்கள் சில பழைய மாணவிகள் சேர்ந்து நடத்தும் சிறிய உதவி நிதிக்கு இப்போது கணக்குப் பார்க்கிறேன். கஷ்டத்தில் இருக்கிற ஒருவருக்குக் காசை எப்படிக் கொடுப்பது என்பது எனக்கு நெடுநாள் கேள்வி.

மேல்மாடி அன்ரி ஒருநாள் தேத்தண்ணிக்கு வந்தவர் நேராகவே கேட்டார். "அவையள் தங்கட ஆக்களுக்குத்தானே செய்வினம்?"

"இல்லை அன்ரி. என்னட்ட இப்ப இருக்கிற பைல்களில ஒரு எரித்திரியாக் குடும்பம் இருக்கு, கொலம்பியா ஒண்டு, உக்ரேன் ரெண்டு. யூதக் குடும்பங்களும் இருக்குதான். வாறவை என்ன சமயம் எண்டு எங்கட படிவத்தில கேள்வியே இல்லை."

"அப்ப ஏன் யூத அமைப்பு எண்டு பேர்?"

"காசு குடுக்கிறது அவையள். குடுக்கிற முறையும் அவையள் கனகாலமாப் பழகி எடுத்தது."

அந்தக் கனகாலத்தைப் பற்றித்தான் நான் பிறகு தேடி வாசித்தேன். இலங்கையில் யூத சமூகம் என்று சொல்ல ஒன்று இல்லை. மலையகத்தில் புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டம் இருக்கிறது. 1840களில் அங்கே காணி எடுத்துத் தேயிலைக் கன்று நட்ட டி வொர்ம்ஸ் சகோதரர்கள், ஐரோப்பாவின் பெரிய யூத வங்கிக் குடும்பமான ரொத்சைல்ட் குடும்பத்து மகள்வழிப் பேரர்கள். இப்படி ஒரு பெயரும் தொலைக்காட்சிச் செய்தியும்தான் எங்களுக்கு யூதர்களைப் பற்றித் தெரிந்தது. காசாவில் பிள்ளைகள் சாகும் காலத்தில் யூதரைப் பற்றி நல்லதாக எழுதுகிறாயா என்று கேட்கப் போகிறவர்களும் இருப்பார்கள். காசாவின் படங்களைப் பார்த்து நித்திரை வராத இரவுகள் எனக்கும் உண்டு. ஆனால் ஓர் அரசு செய்வதற்கு எங்கோ இருக்கிற ரீச்சரையும் கடைக்காரரையும் பொறுப்பாக்கினால் என்ன நடக்கும் என்பதை 1983 ஆடியில் இதே காலி வீதியில் பார்த்தவர்கள் நாங்கள். திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்கு வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருந்த குடும்பங்கள் வீட்டையும் உயிரையும் விலையாகக் கொடுத்தன. அந்தக் கணக்கை இன்னொரு இனத்தின் மேல் நான் போடமாட்டேன்.

1881 இல் ரஷ்யப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் பழி யூதர்மேல் விழுந்தது. தெற்கு ரஷ்யாவில் ஊர் ஊராக அவர்களின் வீடுகளும் கடைகளும் கொள்ளையடிக்கப்பட்டன. அதற்குப் பிறகு 1914 வரைக்கும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவை விட்டு வெளியேறினார்கள். பெரும்பாலானோர் அமெரிக்காவுக்குப் போனார்கள், ஒரு பங்கு லண்டனில் இறங்கியது. அங்கே நடந்த ஒரு சம்பவம் எனக்குப் புத்தகத்தை மூடிவைத்து யோசிக்க வைத்தது.

லண்டன் வைட்சப்பலில் சைமன் கோஹன் என்று ஒரு பாண் போறணைக்காரர். கப்பலில் வந்து போக்கிடம் இல்லாமல் நின்றவர்களைத் தன் இடத்தில் படுக்க விட்டார், சாப்பாடும் கொடுத்தார். அங்கே ஏற்கனவே வசதியாக வேரூன்றியிருந்த யூதர்களின் பெரிய தரும சபை 1859 முதல் இயங்கி வந்தது. நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு உதவி இல்லை என்பது அதன் விதி. பலரைத் திருப்பி அனுப்பவும் செய்தது. அழுக்கு உடுப்போடு, கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழியான இத்திஷ் பேசிக்கொண்டு வந்திறங்கும் இந்தச் சனத்தால் தங்களுக்கும் கெட்ட பெயர் வரும் என்ற பயம் அந்தப் பெரியவர்களுக்கு இருந்தது. 1885 இல் கோஹனின் இடம் சுகாதாரமில்லை என்று சொல்லி மூடவைத்தார்கள். சாதாரண சனம் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் அதே ஆண்டு ஏழை யூதர்களுக்கான தற்காலிகத் தங்குமிடம் திறக்கப்பட்டது. பிறகு லெமன் வீதிக்குப் போனது. முன்னின்றவர்களில் ஒருவர் ஹேர்மன் லாண்டோ, தானும் போலந்திலிருந்து வந்து பணக்காரரானவர். இரண்டு கிழமை வரை இருக்கலாம். துறைமுகத்தில் தரகர்கள் வந்து ஏமாற்றிப் பறித்துக்கொண்டு போவதால் தங்குமிடத்து ஆட்களே கப்பலடிக்குப் போய் நின்று கூட்டி வந்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு வெள்ளவத்தை லொட்ஜுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாஸ் எடுத்து வந்து, வெளிநாட்டு விசாவுக்காக மாதக்கணக்கில் ஓர் அறையில் அடைந்து கிடந்த குடும்பங்கள். பொலிஸ் பதிவு இல்லாமல் எவரும் அறை கொடுக்க மாட்டார்கள். கொழும்பில் பரம்பரையாக இருந்த எங்கள் ஆட்களிலேயே சிலர், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரை ஓரிரவுக்கு மேல் வைத்திருக்கப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது, நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களை விடியமுன் பஸ்ஸில் ஏற்றி வடகிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அந்தக் காலத்தில் சாமத்தில் கதவைத் தட்டினாலும் திறந்து பாய் போட்டுக் கொடுத்த வீடுகளும் இந்த ஒழுங்கைகளில் இருந்தன. கோஹனைப் போன்றவர்கள் எங்களிடமும் இருந்தார்கள். எங்களிடம் இல்லாமல் போனது 1885 இல் அவருக்குப் பின்னால் வந்தது: தனி மனிதரின் இரக்கத்தை எடுத்து, ஒரு விதிமுறையோடும் கணக்குப் புத்தகத்தோடும் நிரந்தரமாக நடத்துகிற ஒரு ஏற்பாடு.

கடன் பிரிவில் இருந்தவள் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது நியூயோர்க் கதை. 1892 இல் அங்கே ஒரு யூத ஜெபக்கூடத்தில் சில பேர் சேர்ந்து 95 டொலர் போட்டு வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஏழைக்குக் கொடுக்கும் கடனுக்கு வட்டி வாங்காதே என்பது அவர்களின் வேதக் கட்டளை. தள்ளுவண்டியில் சாமான் விற்கத் தொடங்குகிறவருக்கும் தையல் மெசின் வாங்குகிறவருக்கும் சின்னச் சின்னத் தொகை. நிலம் புலம் ஈடு கேட்பதில்லை, நகை கேட்பதில்லை. பிணை நிற்க ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சமயத்தவரும் வாங்கலாம். அந்தச் சங்கம் இன்றைக்கும் நடக்கிறது, கொடுத்த காசில் திரும்பி வராதது மிக அரிது. வங்கியில் நாங்கள் கடன் விண்ணப்பம் பார்க்கும்போது முதலில் தேடுவது சொத்து. அங்கே முதலில் தேடியது, இந்த மனிதருக்காகக் கையெழுத்து வைக்க ஒருவராவது இருக்கிறாரா என்பது. கையெழுத்து வைத்தவருக்கு முன்னால் முகம் கோணக்கூடாது என்பதற்காகவே சனம் கட்டிவிடும். இங்கே நகையை அடைவுக் கடையில் வைத்து, அதுவும் முடிந்து மீற்றர் வட்டிக்கு வாங்கி, அதை அடைக்க நுண்கடன் எடுத்து நிற்கிற பெண்களை எங்கள் நிதிக்கு வரும் கடிதங்களில் பார்க்கிறேன். 5,000 ரூபா தானமாகக் கேட்டு எழுதுகிறவர்களில் பலர் கடிதத்தின் கடைசியில் "எப்படியும் திருப்பித் தருவேன்" என்றும் எழுதுவார்கள். அந்த வரியை நாங்கள் மரியாதைக்கு எழுதியதாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

மைமோனிடிஸ் என்று 12 ஆம் நூற்றாண்டில் ஒரு யூத அறிஞர், வைத்தியர். ஸ்பெயினில் பிறந்து, சமயத் துன்புறுத்தலுக்குத் தப்பிக் கடைசியில் எகிப்தில் குடியேறியவர். கொடுப்பதை எட்டுப் படியாக வகுத்திருக்கிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது அடிப்படி. கேட்டபின் கொடுப்பதைவிடக் கேட்கமுன் கொடுப்பது மேல். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் கொடுப்பது உச்சிக்கு ஒரு படி கீழே. உச்சிப் படி, கடனாகவோ பங்காகவோ வேலையாகவோ கொடுத்து, அந்த மனிதர் மறுபடி எவரிடமும் போய் நிற்காதபடி தூக்கிவிடுவது. அதற்கும் முந்திய காலத்தில் எருசலேம் ஆலயத்தில் ஓர் அறை இருந்ததாம். கொடுக்கிறவர்கள் எவருக்கும் தெரியாமல் அங்கே காசு வைத்துவிட்டுப் போவார்கள். நல்லாய் வாழ்ந்து நொடிந்த குடும்பத்தவர்கள் எவருக்கும் தெரியாமல் அங்கிருந்து எடுத்துப் போவார்கள்.

பெறாமகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "எங்கட ஒபிசில சாமான் பொதி குடுக்கிறேல்லை சித்தி. சுப்பர்மார்க்கற் காட்தான். வரிசையில நிக்கிற மற்ற ஆளுக்கு அது உதவிக் காசா சொந்தக் காசா எண்டு தெரியாது. பிள்ளை கேக்கிற பிஸ்கற்றை அம்மா தன்ர கையால எடுத்துக் குடுக்கலாம்."

"படம் ஒண்டும் எடுக்கிறேல்லையே? காசு தந்தவைக்குக் காட்டவேணுமே."

"படமா? வாற ஆளின்ர பேரை வெளியில சொன்னாலே எனக்கு வேலை போயிடும்."

இங்கே எப்படி என்று வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். 2022 நெருக்கடியில் பால்மாவும் காஸும் இல்லாமல் சனம் தவித்தபோது புலம்பெயர்ந்த உறவுகள் மனம் நிறைந்து அனுப்பினார்கள். அதை மறக்க முடியாது. ஆனால் உலர் உணவுப் பொதி கொடுக்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு பனர், பனருக்கு முன்னால் நன்கொடையாளர், அவர் கையிலிருந்து பொதியை வாங்கியபடி கமராவைப் பார்க்கச் சொல்லி நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு தாய். அதே இரவில் முகநூலில் படம். அந்தத் தாயின் மகள் அடுத்த நாள் வகுப்புக்குப் போகவேண்டும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

தெஹிவளையில் நான் அறிந்த ஓர் ஆப்கான் குடும்பம் இருக்கிறது. அந்நாட்டுச் சிறுபான்மை இனமான ஹசாராக்கள். தாயும் தகப்பனும் மூன்று பிள்ளைகளும் ஒரு அனெக்ஸில் இருக்கிறார்கள். இலங்கை 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. இங்கே அடைக்கலம் தேடி வருகிறவர்கள் வேறொரு நாடு கூப்பிடும்வரை காத்திருக்கலாம், உழைக்க அனுமதி இல்லை. தகப்பனுக்கு இருதய வருத்தம். நான் அவர்களைப் பார்க்கப் போன அன்று யன்னல் கட்டில் ஒரு பொதி பாதி பிரித்தபடி இருந்தது. ஏதோ ஒரு குழு கொண்டுவந்து கொடுத்தது. சிவப்புப் பச்சையரிசி, பருப்பு, நெத்தலி, ரின்மீன், சமபோஷ. பருப்பும் அரிசியும் எடுத்துச் சமைத்திருந்தார்கள். நெத்தலி தொடப்படாமல் கிடந்தது. கடலே இல்லாத நாட்டுப் பிள்ளைகள், அந்த மணத்துக்குக் கிட்டவும் வரவில்லையாம். அவர்களுக்குத் தேவைப்பட்டது கோதுமை மா, எண்ணெய், தேயிலை, சின்னவனுக்குப் பால்மா. மூத்த பெண் ஆங்கிலம் பேசுவாள். பொதி கொண்டுவந்தவர்கள் படம் எடுக்கக் கேட்டபோது தாய் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்றும், அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொன்னாள். தாய் பயந்தது நியாயம். இங்கே முகநூலில் போடும் படம் அவர்கள் தப்பி வந்த ஊர்வரைக்கும் போகும்.

அன்று அந்தத் தாய் எனக்கு ஒரு கொப்பியைக் காட்டினார். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒற்றைறூள் கொப்பி. வலமிருந்து இடமாக எழுதிய வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை, திகதி. யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்ற கணக்கு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கொடுத்த முட்டைகூட அதில் இருந்தது. வேறு நாட்டுக்குப் போய் உழைக்கத் தொடங்கியதும் திருப்பி அனுப்புவதற்காம். நான் கையில் வைத்துப் பார்த்த பேரேடுகளிலேயே சுத்தமானது அது என்று சொல்வேன்.

எங்கள் நிதியின் கூட்டத்தில் இந்தக் குடும்பத்துக்கு வாடகை கட்டுவோம் என்று நான் சொன்னபோது, "எங்கட சனத்துக்கே காணாது" என்ற பதில் வந்தது. சொன்னவர் கல்மனக்காரி இல்லை. வன்னியில் கால் இழந்த பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் செய்து வருபவர். தோட்டத்து லயங்களில் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்குப் போவது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அந்தப் பதிலை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் யூத அமைப்புகளும் இதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டு வந்தவைதான். 1881 இல் தொடங்கிய வரலாறு உள்ள ஹயாஸ் என்ற அமெரிக்க அமைப்பு யூத அகதிகளுக்கென்றே உருவானது. நியூயோர்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் யூத சமய விதிப்படி சமைக்கும் கோஷர் சமையலறை வைத்தது, இறங்க விட வேண்டுமானால் கையில் காட்ட வேண்டிய 25 டொலரைக் கடனாகக் கொடுத்தது. 1975 இல் வியட்நாம், கம்போடியா அகதிகளுக்கும் கைகொடுத்தது. இன்று அது உதவுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் யூதர் அல்லர். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 2018 ஒக்டோபர் 27 ஆம் திகதி பிற்ஸ்பேர்க் நகரின் ஜெபக்கூடம் ஒன்றில் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதற்குச் சற்று முன்னர் இணையத்தில் ஹயாஸின் பெயரைச் சொல்லித்தான் எழுதியிருந்தான். அந்நியரைக் கொண்டுவருகிறார்கள் என்பது அவன் குற்றச்சாட்டு. அதற்குப் பிறகும் ஹயாஸ் நிறுத்தவில்லை.

பெறாமகளோடு வேலை செய்கிற மூத்த யூதப் பெண்மணி ஒருவர், 2010 இல் 492 தமிழர்களோடு சன் சீ கப்பல் கனடாவுக்கு வந்து, எல்லோரையும் பிடித்து அடைத்தபோது அழுதாராம். அவருக்கு 1939 இன் செயின்ற் லூயிஸ் கப்பல் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. ஜேர்மனியிலிருந்து 937 பேரோடு, பெரும்பாலும் யூத அகதிகளோடு, வந்த அந்தக் கப்பலிலிருந்து கியூபா ஒரு சிலரை மட்டுமே இறங்கவிட்டது, அமெரிக்காவும் கனடாவும் ஒருவரையும் ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் நாசிகளின் கையில் செத்தார்கள். எங்கள் கப்பலைப் பார்த்துத் தங்கள் கப்பலை நினைக்க அவர்களால் முடிந்தது.

எங்களுக்கும் முடிகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்களோடு ஒரு படகு முல்லைத்தீவுக் கரைக்கு வந்தபோது, தங்களிடமே ஒன்றும் இல்லாத முள்ளிவாய்க்கால் சனம் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடியது. அவர்களிடம் எவரும் போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. கொழும்பில் வசதியாக இருக்கிற நாங்கள்தான் பின்னுக்கு நிற்கிறோம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கான் அகதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், ஒரு குற்றமும் செய்யாமல், வீடுகளை விட்டு வெளியேற வேண்டி வந்தது. பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் படுத்திருந்தார்கள். குண்டு வைத்தவர்களின் சமயம் என்று பார்க்கப்பட்டதால் அடி வாங்கியவர்கள். 1983 இல் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் படுத்திருந்த எங்கள் குடும்பங்களுக்கு அந்தப் படம் புதிதில்லை.

இந்த மாதக் கூட்டத்தில் நான் தீர்மானமாகவே எழுதிக் கொடுக்கப் போகிறேன். எங்கள் நிதியிலிருந்து எப்போதும் ஓர் அகதிக் குடும்பத்தின் வாடகை கட்டப்பட வேண்டும். வீட்டுக்காரரின் கணக்குக்கு நேரே போடுவோம், அந்தக் குடும்பம் எங்களைத் தேடி வந்து கையேந்தத் தேவையில்லை. அவர்களோடு கதைப்பதற்கு நிதியில் ஒருவர் போதும். மற்றவர்களுக்குப் பெயர்கூடத் தெரியவேண்டாம். பொதி கட்டுவதை நிறுத்தி, எங்கள் சொந்தச் சனம் உட்பட எல்லோருக்கும் சுப்பர்மார்க்கற் வவுச்சராகக் கொடுப்போம். "எப்படியும் திருப்பித் தருவேன்" என்று எழுதுகிறவர்களுக்கு, கேட்டதை இரண்டு பேர் பிணையோடு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்துப் பார்ப்போம், அந்தக் கணக்கை நான் பார்க்கிறேன். படம் எவரையும் எடுப்பதில்லை. நன்கொடையாளருக்கு வருடக் கணக்கறிக்கை போகும்.

தெஹிவளையில் இருக்கிற குடும்பத்திடம் வீட்டுக்காரர் அடுத்த வருடத்துக்கு ஆறு மாத முற்பணம் கேட்டிருக்கிறார். அது அவர்களால் முடியாது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கல்கிசையிலோ ஓர் அனெக்ஸ் அல்லது இரண்டு அறை வைத்திருப்பவர்கள், ஒரு மாத முற்பணத்தோடு அவர்களுக்குக் கொடுக்கச் சம்மதம் என்றால் எனக்கு எழுதுங்கள். மாடிப்படி வேண்டாம், தகப்பனால் ஏற முடியாது. வாடகை ஒவ்வொரு மாதமும் 1 ஆம் திகதி உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்.